தொழில்முனைவை மேஜராக எடுக்கப் போகிறீர்களா? நான் தடுக்கி விழுந்த இடங்கள் இவை

என் பட்டம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது. எந்தப் பாடத்திலும் நான் ஃபெயில் ஆகவில்லை. ‘தொழில்முனைவு நிதி’ என்ற பாடத்தைக் கடைசி ஆண்டின் முதல் செமஸ்டரில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன், பதிவு செய்யப் போன அன்றுதான் தெரிந்தது, அதற்கு முன்பே நிறுவன நிதி முடித்திருக்க வேண்டுமாம். நிறுவன நிதி இரண்டாவது செமஸ்டரில் மட்டும் நடக்கும், தொழில்முனைவு நிதி முதல் செமஸ்டரில் மட்டும் நடக்கும். ஆக, நண்பர்கள் எல்லோரும் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு நான் ஒரே ஒரு பாடத்துக்காகத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கட்டணமும் கட்டினேன்.

இந்தப் படிப்பில் சேரும் பலருக்கும் ஐடியா, பிட்ச் (மேடையில் ஐடியாவைச் சுருக்கமாக விளக்குவது), முதலீடு இதிலேயே மனம் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் மாட்டிக்கொள்வது என்னவோ தேதிகளிலும் தாள்களிலும்தான். அதனால் அவற்றைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

1. நீங்கள் சேர்வது உண்மையில் என்ன என்று பாருங்கள்

‘தொழில்முனைவுப் படிப்பு’ என்ற ஒரே பெயரில் நாலு விதமான சரக்கு இருக்கிறது. சில இடங்களில் அது முழு மேஜர், அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடம். சில இடங்களில் வணிக நிர்வாக மேஜருக்குள் ஒரு சிறப்புப் பிரிவு. சில இடங்களில் மைனர், அதாவது துணைப் பாடம், இன்னும் சில இடங்களில் வெறும் சான்றிதழ். பட்டச் சான்றிதழில் என்ன அச்சாகும், டிரான்ஸ்கிரிப்டில் (பாட, மதிப்பெண் பட்டியலில்) என்ன வரும் என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். கேட்டதற்கு வந்த பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு இரண்டு வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

ஐரோப்பிய முறையில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பெரும்பாலும் 180 இசிடிஎஸ் (ஐரோப்பாவின் பொதுப் பாட அளவு) கிரெடிட், அமெரிக்க முறையில் நான்காண்டுக்குச் சுமார் 120 கிரெடிட். இதில் ‘தொழில்முனைவு’ என்ற பெயர் தாங்கிய பாடங்கள் பல இடங்களில் ஐந்தாறுதான் இருக்கும். மீதி எல்லாம் கணக்கியல், பொருளியல், புள்ளியியல், மார்க்கெட்டிங், வணிகச் சட்டம் என்று மற்ற வணிக மாணவர்கள் படிக்கும் அதே பாடங்கள். இது குறை இல்லை, ஆனால் முதல் நாளிலிருந்தே கம்பெனி கட்டப் போகிறோம் என்று நினைத்துச் சேர்ந்தால் முதல் வருடம் முழுக்க எரிச்சலாக இருக்கும்.

சேர்ந்த ஆண்டின் பாட விதிமுறைக் கையேட்டைத் தரவிறக்கி வையுங்கள். பல கல்லூரிகளில் நீங்கள் சேர்ந்த ஆண்டில் இருந்த விதிதான் பட்டம் வாங்கும் வரை உங்களுக்குப் பொருந்தும். நடுவில் விதி மாறி, யாராவது புதிய விதியைக் காட்டி இன்னொரு பாடம் எடு என்று சொன்னால் அந்தக் கையேடுதான் உங்கள் பக்கம் பேசும்.

வணிகப் பள்ளிகளுக்குத் தரப்படும் ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ் போன்ற சர்வதேசத் தர அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிரெடிட் மாற்றும்போதோ முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போதோ அது உதவலாம். அதைத் தாண்டி, தொழில்முனைவு வகுப்பு நன்றாக இருக்குமா என்பதற்கு அது பதில் சொல்லாது. அதற்கு அந்தப் பாடத்தை எடுத்து முடித்த இரண்டு சீனியர்களிடம் பேசுங்கள்: வகுப்பு எடுப்பவர் தொழில் நடத்தியிருக்கிறாரா, வெளியே போய் வாடிக்கையாளர்களைச் சந்திக்க வைத்தாரா, இல்லை ஸ்லைடு காட்டி முடித்துவிட்டாரா.

2. பாடச் சங்கிலியைக் கடைசியிலிருந்து பின்னோக்கி வரையுங்கள்

என்னை விழவைத்த இடம் இது. ஒரு தாளை எடுத்து வலது ஓரத்தில் கடைசி ஆண்டுப் பாடங்களை எழுதுங்கள்: இறுதித் திட்டம், தொழில்முனைவு நிதி, புதிய நிறுவன உருவாக்கம், இப்படி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எந்தப் பாடம் முடித்திருக்க வேண்டும் என்று இடப்பக்கமாகக் கோடு இழுத்துக்கொண்டே போங்கள். பொதுவாக நிதிக் கணக்கியல், அப்புறம் மேலாண்மைக் கணக்கியல், அப்புறம் நிறுவன நிதி, அதற்குப் பிறகுதான் தொழில்முனைவு நிதி. நான்கு கண்ணி உள்ள சங்கிலி என்றால் நான்கு செமஸ்டர், அதில் ஒன்று தவறினாலும் பின்னால் இருப்பது அத்தனையும் நகரும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் அது எந்த செமஸ்டரில் நடக்கும் என்று எழுதுங்கள். ‘வருடம் ஒரு முறை’ என்று இருப்பதைச் சிவப்பில் வட்டமிடுங்கள். இது அரை மணி நேர வேலை. முதல் ஆண்டின் முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள், ஆலோசகரிடம் காட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆலோசகர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களிடம் நூற்றுக்கணக்கான மாணவர்கள் இருப்பார்கள், உங்கள் சங்கிலியை அவர்கள் மனதில் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு செலவுப் பொறிகள். ஒரு செமஸ்டரில் அதிகப் பாடம் எடுத்து ஈடுகட்டலாம் என்று நினைத்தால், குறிப்பிட்ட கிரெடிட்டுக்கு மேல் தனிக் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள். கோடைக்காலப் பருவத்தில் எடுக்கலாம் என்றால், உங்கள் உதவித்தொகை கோடைக்கும் செல்லுமா என்று கேளுங்கள். எனக்குச் செல்லவில்லை. தலைகீழான பொறியும் உண்டு: தொழிலைப் பார்க்க நேரம் வேண்டும் என்று பாடங்களைக் குறைத்தால் முழுநேர மாணவர் என்ற தகுதியே போகலாம், அதோடு உதவித்தொகையும் விடுதி இடமும் போகலாம்.

வேறு கல்லூரியில் எடுத்த பாடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால் அந்தப் பாடத்தின் முழுப் பாடத்திட்டமும் கேட்பார்கள், பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் போதாது. செமஸ்டர் முடிந்ததும் அந்தப் பக்கங்கள் காணாமல் போய்விடும். எடுக்கும் ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் முதல் வாரத்திலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள்.

3. கணக்கியலைப் பின்னால் தள்ளாதீர்கள்

எங்கள் வகுப்பில் பாதிப்பேர், நானும் சேர்த்துத்தான், கணக்கியலை ஏதோ கடக்க வேண்டிய சாக்கடை மாதிரி நினைத்தோம். பிறகு பிட்ச் மேடையில் ‘எத்தனை விற்றால் கைக்காசு போகாமல் இருக்கும்?’ என்று ஒரு நடுவர் கேட்டார், மூன்று பேர் கொண்ட குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கணக்கு சின்னதுதான். ஒரு பொருளின் விலை 100, அதைச் செய்யவும் அனுப்பவும் ஆகும் செலவு 60 என்றால் ஒன்றுக்கு 40 நிற்கும். மாத நிலைச்செலவு 8,000 என்றால் 200 விற்றால்தான் லாபமும் நட்டமும் இல்லாத சமநிலை. இப்போது ‘ஆரம்பச் சலுகையாக 10 சதவீதம் தள்ளுபடி’ என்று யாராவது உற்சாகமாகச் சொல்வார்கள். விலை 90 ஆனதும் நிற்பது 30, சமநிலைக்கு 267 விற்க வேண்டும். 10 சதவீதத் தள்ளுபடிக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விற்பனை! இதைக் காகிதத்தில் ஒரு முறை போட்டுப் பார்த்தவர்கள் தள்ளுபடியைப் பற்றி இனி லேசாகப் பேசமாட்டார்கள்.

இன்னும் முக்கியமானது லாபத்துக்கும் கையில் இருக்கும் பணத்துக்கும் உள்ள வித்தியாசம். அதே பொருளை மாதம் 300 விற்கிறீர்கள், தள்ளுபடி இல்லை. மாத லாபம் 4,000. நன்றாக இருக்கிறது. ஆனால் வாங்குபவர் 60 நாள் கழித்துத்தான் பணம் தருவார், உங்களுக்குச் சரக்கு தருபவருக்கோ உடனே கொடுக்க வேண்டும். மாதம் வெளியே போவது 18,000 கூட்டல் 8,000, அதாவது 26,000. முதல் பணம் உள்ளே வருவதற்குள் இரண்டு மாதம், 52,000 கைவிட்டுப் போயிருக்கும். லாபத்தில் ஓடும் தொழில் பணமில்லாமல் மூடப்படுவது இப்படித்தான், இது எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் உறைத்தது.

ஆகவே நிதிக் கணக்கியலை முதல் செமஸ்டரிலேயே எடுங்கள். விரிதாளில் 12 மாதப் பணவரவு அட்டவணை ஒன்றை யாரையும் கேட்காமல் நீங்களே போடத் தெரிகிற வரை விடாதீர்கள். புள்ளியியலையும் கூடவே முடித்துவிடுங்கள், அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

4. வாடிக்கையாளரிடம் பேசும் வேலைக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள்

ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் ‘பிசினஸ் மாடல் கேன்வாஸ்’ வரும். தொழில் எப்படி நடக்கும் என்பதை ஒரே பக்கத்தில் சொல்லும் ஒன்பது கட்டம். ஒரு மாலையில் எல்லாவற்றையும் வண்ண ஒட்டுத்தாளால் நிரப்பிவிடலாம், அழகாகவும் இருக்கும், மதிப்பெண்ணும் வரும். ஆனால் அந்த ஒன்பதிலும் இருப்பது உங்கள் ஊகம். அதைச் சோதிக்க வெளியாட்களிடம் பேச வேண்டும், அதற்குத்தான் நேரம் போதாமல் போகும்.

நான் 46 பேருக்கு எழுதினேன், 13 பேர் பேச ஒப்புக்கொண்டார்கள். தேதி குறிப்பது, தள்ளிப்போவது, மறுபடி குறிப்பது என்று கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆனது. அறிக்கை கொடுக்கும் நாளுக்கு நாலு நாள் முன்னால் தொடங்கினால் விடுதித் தோழர்களைத்தான் பேட்டி எடுப்பீர்கள். அவர்கள் எல்லாவற்றுக்கும் ‘சூப்பர்’ என்பார்கள்.

கேள்வியை இறந்தகாலத்தில் கேளுங்கள். ‘இப்படி ஒரு செயலி வந்தால் வாங்குவீர்களா?’ என்றால் யாரும் மனம் நோகச் சொல்லமாட்டார்கள். ‘கடைசியாக இந்தச் சிக்கல் எப்போது வந்தது, அப்போது என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது?’ என்று கேட்டால் உண்மை வரும். ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அதுவும் பதில்தான்.

இதில் ஒரு பொறி பலருக்குத் தெரியாது. இந்த நேர்காணல்களையே பிறகு ஆய்வேடாக எழுதப் போகிறீர்கள் என்றால், பல பல்கலைக்கழகங்களில் அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும், அதுவும் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே. எடுத்து முடித்த பிறகு அனுமதி கேட்டால் பொதுவாகத் தரமாட்டார்கள், அந்தத் தரவு ஆய்வேட்டுக்கு வீண். வகுப்பு வேலைக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. எதற்கும் பேராசிரியரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

5. குழுவில் முதல் வாரமே ஒரு பக்க ஒப்பந்தம்

நாங்கள் நாலு பேர். ஆளுக்கு 25 சதவீதம் என்று கைகுலுக்கினோம், அவ்வளவுதான் ஒப்பந்தம். இரண்டாவது மாதம் ஒருவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து எங்களுக்குச் சின்னதாக ஒரு மானியம் வந்தபோது அவர் தன் 25 சதவீதத்தை நினைவுபடுத்தினார். அவர் பக்கம் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது, நாங்கள்தானே கொடுத்தோம். அந்தச் சண்டையில் பணத்தைவிட அதிகமாகத் தூக்கம் போனது.

தொழில்நுட்ப நிறுவனங்களில் நிறுவனர் பங்கு பொதுவாக நான்கு ஆண்டில் சிறிது சிறிதாக உரிமையாகும், முதல் ஒரு வருடம் முடிவதற்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. இதை ‘வெஸ்டிங்’ என்பார்கள். வகுப்புக் குழுவுக்கு அவ்வளவு நீளம் வேண்டாம், செமஸ்டர் கணக்கில் போட்டுக்கொள்ளலாம். எழுத வேண்டியவை: யார் வாரம் எத்தனை மணி நேரம் தருவார், யார் கைப்பணம் எவ்வளவு போட்டார், அது கடனா முதலீடா, ஒருவர் விலகினால் அவர் பங்கு என்னாகும், பாடம் முடிந்த பிறகு இதைத் தொடர விரும்புகிறவர் மற்றவர்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா. தேதி, கையெழுத்து, ஆளுக்கு ஒரு பிரதி. நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நண்பர்களாகவே இருப்பதற்குத்தான் என்று சொல்லுங்கள்.

6. ஐடியா யாருடையது என்று கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்

உங்கள் பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையைத் தேடிப் படியுங்கள். சலிப்பூட்டும், ஆனாலும் படியுங்கள். பல இடங்களில் மாணவர் சொந்தமாக உருவாக்கியது மாணவருக்கே. ஆனால் ஆய்வகக் கருவிகள், ஆராய்ச்சி நிதி, பேராசிரியரின் கண்டுபிடிப்பு ஆகியவற்றில் எதையாவது பயன்படுத்தியிருந்தாலோ, நீங்கள் ஆய்வு உதவியாளராகச் சம்பளம் வாங்கியிருந்தாலோ கதை மாறலாம். வெளி நிறுவனம் ஒன்று தரும் நிஜச் சிக்கலைத் தீர்க்கும் பாடங்களில், முதல் வகுப்பிலேயே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். உருவாவது எல்லாம் அந்த நிறுவனத்துக்கு என்று அதில் இருக்கக்கூடும். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், தருவார்கள்.

காப்புரிமை பெறக்கூடிய பொருள் ஏதாவது செய்திருந்தால் இதைக் கவனியுங்கள். ஐரோப்பியக் காப்புரிமை விதிப்படி, விண்ணப்பிக்கும் முன் நீங்களே பொதுவில் வெளியிட்டாலும் ‘புதுமை’ என்ற தகுதி போய்விடும், காப்புரிமை கிடைக்காது. அமெரிக்காவில் வெளியிட்ட பிறகு ஓராண்டு அவகாசம் உண்டு. பார்வையாளர்கள் நிறைந்த பிட்ச் மேடை என்பது பொது வெளியீடுதான். நான்கு நிமிடம் பேசியதில் பாதி உலகத்தின் காப்புரிமையை இழக்க வேண்டாம். எப்படி வேலை செய்கிறது என்பதை விட்டுவிட்டு, என்ன செய்கிறது என்பதை மட்டும் பேசலாம்.

7. கம்பெனியைப் பதிவு செய்ய அவசரப்படாதீர்கள்

பதிவுச் சான்றிதழைப் படமெடுத்துப் போடுவதில் ஒரு கிக் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பதிவு செய்த நாளிலிருந்து வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் ஆண்டறிக்கை, வரிக் கணக்கு என்று தாக்கல் செய்ய வேண்டியிருக்கும், தவறினால் அபராதம். மூடுவதற்கும் தனி விண்ணப்பம், தனிச் செலவு. திறப்பதைவிட மூடுவதற்கு அதிக நாள் ஆன கதைகள் எனக்குத் தெரியும்.

பதிவுக்குச் சரியான நேரம் என்று நான் நினைப்பது: யாராவது ஒப்பந்தம் போட்டுப் பணம் தர வரும்போது, வெளியாள் முதலீடு செய்யும்போது, இல்லை உங்கள் பொருளால் யாருக்காவது சேதம் வந்தால் அது உங்கள் சொந்தத் தலையில் விழும் என்ற நிலை வரும்போது. அதுவரைக்கும் தனி வங்கிக் கணக்கு ஒன்று, செலவு எழுதும் விரிதாள் ஒன்று, ரசீதுகள் போடும் கோப்புறை ஒன்று போதும். வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே கணக்கில் கலந்தால் பிரிக்கவே முடியாது.

வெளிநாட்டில் மாணவர் விசாவில் இருப்பவர்கள் இங்கே நின்று இரண்டு முறை படியுங்கள். பிரிட்டனின் மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் வேலை அனுமதி இல்லாமல் தன் நிறுவனத்துக்காகவே உழைத்தாலும் சிக்கல்தான். வகுப்புத் திட்டம் எங்கே முடிகிறது, தொழில் எங்கே தொடங்குகிறது என்பது உங்களுக்கு மங்கலாகத் தெரியலாம், குடிவரவு அதிகாரிக்கு அப்படித் தெரியாது. முதல் விற்பனைக்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள்.

எவ்வளவு செலவு செய்வது? வகுப்பில் தொழில்முனைவு ஆய்வாளர் சரஸ் சரஸ்வதியின் ‘எஃபெக்சுவேஷன்’ கோட்பாடு (கையில் இருப்பதை வைத்துத் தொடங்குவது) வரும், அதில் எனக்குப் பிடித்தது ‘தாங்கக்கூடிய நட்டம்’ என்ற கருத்து. எவ்வளவு வரும் என்று கணிக்காமல், எவ்வளவு போனால் தாங்குவேன் என்று முதலில் ஒரு எண் எழுதுங்கள். அடுத்த செமஸ்டர் கட்டணம் அந்த எண்ணுக்குள் வரவே கூடாது. கிரெடிட் கார்டும் கூடாது.

8. போட்டிகள்: செமஸ்டருக்கு ஒன்று

ஹல்ட் பரிசு மாதிரி 10 லட்சம் டாலர் தரும் மாணவர் போட்டிகள் உண்டு, ஆனால் அந்தத் தொகை ஒரே ஒரு குழுவுக்குத்தான் போகும். மற்றவர்களுக்குக் கிடைப்பது பயிற்சி. அது நல்லதுதான், ஆனால் ஒரு பிட்ச்சுக்கு ஒழுங்காகத் தயாராக எனக்கு 40 மணி நேரம் போனது, அது இடைத்தேர்வு வாரத்தில் வந்து விழுந்தது.

விண்ணப்பிக்கும் முன் நாலே கேள்வி: பரிசு ரொக்கமா, இல்லை ‘ஆலோசனைச் சேவை’ என்ற பெயரில் வருமா? பதிலுக்குப் பங்கு கேட்பார்களா? இறுதிச் சுற்றுக்குப் பயணச் செலவு யாருடையது? பணம் எப்போது கைக்கு வரும்? நாங்கள் வாங்கிய மானியத்தில் முதலில் நாங்கள் செலவழித்து ரசீது கொடுத்தால்தான் திருப்பித் தருவார்கள் என்று கையெழுத்துப் போட்ட பிறகே தெரிந்தது. பணம் வர ஏழு வாரம் ஆனது. புதுத் தொழில்களுக்கு இடமும் உதவியும் தரும் இன்குபேட்டரில் இடம் கேட்கும்போதும் இதே நாலு கேள்விதான்.

9. கடைசி ஆண்டு

இறுதித் திட்டத்துக்கு வழிகாட்டும் பேராசிரியரை முந்தைய செமஸ்டரிலேயே பிடியுங்கள், நல்லவர்களுக்கு வரிசை இருக்கும். வேலை தேடப் போகிறவர்கள் ‘நிறுவனர்’ என்று மட்டும் எழுதாமல், எத்தனை பேரிடம் பேசினோம், எவ்வளவு விற்றோம், ஏன் நிறுத்தினோம் என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது நிறுத்தியதைப் பற்றித்தான், அதை நான் மறைக்கப் பார்த்தபோதெல்லாம் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

அப்புறம், பட்டம் தானாக வராது. பல இடங்களில் அதற்கும் தனி விண்ணப்பம் உண்டு, கடைசி நாள் கடைசி செமஸ்டரின் தொடக்கத்திலேயே, சில இடங்களில் அதற்கும் முன்பே வந்துவிடும். இரண்டு செமஸ்டர் மீதமிருக்கும்போதே பதிவாளர் அலுவலகத்தில் கிரெடிட் சரிபார்ப்பு அறிக்கையை வாங்கி, இரண்டாம் படியில் வரைந்த தாளோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். குறை ஏதாவது தெரிந்தால் சரிசெய்ய அப்போது இன்னும் இரண்டு பதிவுக் காலம் கையில் இருக்கும். நான் ஒப்பிட்டபோது ஒன்றுதான் இருந்தது.